தண்ணி டாக்டரும் அந்த மூன்று வாரங்களும்

அந்தத் தெருவில் அவளைத் தண்ணி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்கள் குடியை நிறுத்த மருந்து கொடுப்பவளாக்கும் என்று நினைத்து, வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு படியேறி வருவார்கள். இது இடுப்புக் குளியல், ஈரப்பட்டி, நீராவி, உடம்பு நீவுதல் என்று பார்க்கிற இயற்கை வைத்தியம் என்று விளக்கி அனுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அந்தப் பெயர் மட்டும் உதிரவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே மூன்று அறைகள். முதல் அறையில் மேசை, மூன்று நாற்காலி, நோயாளிகளின் சீட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரி. நடு அறையில் இரண்டு தொட்டிகள். கடைசி அறையில் நீராவிப் பெட்டியும் படுக்கைப் பலகையும். கீழே சாவி வெட்டும்போது வருகிற கிறீச் சத்தம் தரை வழியாக மேலே ஏறும். பலகையில் படுத்திருப்பவர்கள் முதல் நாள் பல்லைக் கடிப்பார்கள்; மூன்றாம் நாள் அதோடேயே தூங்கிவிடுவார்கள்.

கல்லூரியில் ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். உடற்கூறு படித்தாள், நோய் அறிதல் படித்தாள், ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் பயிற்சிக்கு நின்றாள். ஆனால் இயற்கை வைத்தியத்துக்கென்று சட்டம் எதுவும் இல்லாததால், அரசாங்கத்தின் கண்ணில் அவள் யாருமே இல்லை. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இரண்டு தெரு தள்ளி, வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் மெஷின் விற்றுக்கொண்டிருந்த ஆள் ஆறு வாரம் எங்கோ படித்துவிட்டு வந்து, அவளுடையதைவிடப் பெரிய போர்டு மாட்டியிருந்தான். சட்டத்துக்கு அவனும் அவளும் ஒன்றுதான்.

இது ஆகாது என்று படித்தவர்கள் நாற்பது பேர் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். தேர்வு வேண்டும், பதிவேடு வேண்டும், பதிவு எண் இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று பதினோரு வருடம் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். நோயாளியின் சீட்டை ஏழு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், புகார் வந்தால் விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்ற இரண்டு பிரிவுகளையும் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று சங்கச் செயலாளர் அப்போதே முணுமுணுத்தார். அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

கடைசியில் மசோதா தயாராகி, சட்டமன்றக் குழு ஒன்று அதை விசாரிக்கும் என்ற செய்தி வந்தது. அந்த வருடம்தான் தையல்காரம்மாவும் வந்தாள்.

பள்ளிச் சீருடை தைப்பவள். நாற்பது வயது இருக்கும். தலைவலி, கழுத்துவலி என்று வந்தாள். நாளுக்குப் பத்து மணி நேரம் மெஷின் மேல் குனிந்திருப்பவளுக்கு வேறு என்ன வரும்? தொட்டுப் பார்த்தால் கழுத்து கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணி டாக்டர் ஈரப்பட்டி போட்டு, நீவிவிட்டு, கழுத்துக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் தையல்காரம்மா பரவாயில்லை என்றாள். இரண்டாம் வாரம் அப்படியேதான் இருக்கிறது என்றாள். மூன்றாம் வாரம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, போகிற போக்கில் சொன்னாள்.

“ரெண்டு நாளா காலையில வாந்தி வேற வருது டாக்டரம்மா. வயித்துல ஒண்ணுமே இருக்கறதில்ல, ஆனாலும் வருது.”

தண்ணி டாக்டர் செருப்பைக் கழற்ற வைத்தாள். திரும்ப உள்ளே கூப்பிட்டுக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். தரையில் ஓடிய சிமெண்டுக் கோட்டின் மேல் நேராக நடக்கச் சொன்னாள். நான்காவது அடியில் தையல்காரம்மா இடப்பக்கம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மூளையில் அழுத்தம் இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த டாக்டர், நம்பரே இல்லையே என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். தலைவலிக்கு மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அவள் இரண்டு முறை தையல்காரம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள். மாத்திரைக்கு வலி கேட்கிறது என்று பதில் வந்தது. கூடவே போய் நின்று சண்டை போட்டிருக்கலாம். போகவில்லை.

இன்னும் மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், தையல்காரம்மா மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். மூளையை ஒட்டி ஒரு கட்டி. புற்று இல்லை. அறுவை செய்து எடுத்தார்கள், உயிர் பிழைத்தது. ஆனால் கண் நரம்பு அதிக நாள் நசுங்கிக் கிடந்ததில் இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

செய்தி வந்த அன்று தண்ணி டாக்டர் அலமாரியைத் திறந்து தையல்காரம்மாவின் சீட்டை எடுத்தாள். முதல் நாள் தேதி. கீழே அவளுடைய கையெழுத்திலேயே இரண்டு வரி இருந்தது. “காலையில் எழும்போது வலி அதிகம். குனிந்தால் கூடுகிறது.”

கழுத்துவலிக்காரர்களுக்குச் சாயங்காலம்தான் வலி ஏறும். காலையில் ஏறுகிற தலைவலி என்றால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மூன்றாம் வருடப் பாடம். அவளே கேட்டிருக்கிறாள், அவளே எழுதியிருக்கிறாள், எழுதிவிட்டு ஈரப்பட்டியை எடுக்கப் போயிருக்கிறாள்.

அன்றிலிருந்து படியில் யார் காலடி கேட்டாலும் எழுந்து கடைசி அறைக்குள் போய்விட்டு வந்தாள். போன் வந்தால் இரண்டு முறை அடிக்க விட்டுத்தான் எடுத்தாள். யாராவது தலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே வலி காலையிலா சாயங்காலமா என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் தையல்காரம்மாவின் அண்ணன் வந்தார். பஸ் கண்டக்டர். வேலை முடிந்து காக்கிச் சட்டையோடேயே வந்திருந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் உட்காரக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

“தங்கச்சி உங்ககிட்ட எத்தனை நாள் வந்தா?”

“மூணு வாரம்.”

“அதுக்கப்புறம்தான் லெட்டர் குடுத்தீங்க. முதல் நாளே குடுத்திருக்க முடியுமா? அத மட்டும் சொல்லுங்க.”

அவளுடைய கை அலமாரியின் கைப்பிடி மேல் இருந்தது. “தெரியலைங்க” என்றாள்.

அவர் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவள் பொய் சொன்னது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவர் கத்தியிருந்தால் வந்திருக்கக்கூடிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சங்கச் செயலாளருக்கு ஆஸ்பத்திரியில் கடிதத்தை ஒதுக்கிய விஷயம் மட்டும் எப்படியோ எட்டிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல அவளைத்தான் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு வந்தார். சட்டம் இல்லாததால் ஒரு பெண்ணின் கண் போனது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பது அவர் கணக்கு. அவள் சீட்டை எடுத்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

“இதை யாரு கேக்கப் போறாங்க? கழுத்துவலின்னு வந்தாங்கன்னு சொல்லு. அது பொய் இல்லையே.”

“நான் கவனிக்காம விட்டது?”

“குழுவுல ரெண்டு பேரு நம்மள மொத்தமா தடை பண்ணணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நீ வாயைத் தொறந்தா பதினோரு வருஷ உழைப்பும் மண்ணாப் போயிடும். உன் பொழப்பு மட்டும் இல்லம்மா, நாப்பது குடும்பம்.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நிஜம். அன்று சாயங்காலம் அறையைப் பூட்டும்போது அந்தச் சீட்டை இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கிற சட்டம் இன்னும் வரவில்லை. கிழித்துப் போட்டாலும் கேட்பாரில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் அவள் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் ஒவ்வொரு தட்டாக வாங்கித் துடைத்து அடுக்கினார்.

“லிஃப்ட்ல யாருக்காவது அடிபட்டுச்சுன்னா ஆபீஸ்ல முதல்ல சர்வீஸ் நோட்டைத்தான் எடுத்துப் பூட்டுவாங்க. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு” என்றார். பிறகு, “எங்க ஆளு ஒருத்தன் ஒரு பக்கத்தைக் கிழிச்சான். மாட்டிக்கல. ஆனா அப்புறம் அவனால எந்த லிஃப்டையும் தைரியமா கையெழுத்துப் போட்டு விட முடியல. வேலையை விட்டுட்டான்.”

“அப்ப சொல்லிடவா?”

“நான் சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதன்னும் சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார். அவர் பயம் என்று வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை. நீளமான மண்டபம். எதிரே ஏழு பேர். பேசும்போது மைக்கில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கடிதத்தின் கதையைச் சொன்னாள். நம்பர் இல்லாததால் ஒதுக்கப்பட்ட மூன்று வாரத்தைச் சொன்னாள். எதிரே இருந்தவர்களின் முகம் இளகியது. தடை செய்ய வேண்டும் என்று காத்திருந்தவர்களில் ஒருவர்கூட ஏதோ குறித்துக்கொண்டார். தலைவர் நன்றி சொல்லி, போகலாம் என்றார். பின்னாலிருந்து செயலாளர் நிம்மதியாக மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

எழுந்து திரும்பியவள் கடைசி வரிசையில் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கண்டக்டர் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததால்தான் சொன்னாளா, இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. மறுபடியும் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றாள். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து அந்த இரண்டு வரியையும் வாசித்தாள்.

“இது நான் எழுதினது. முதல் நாளே அனுப்பியிருக்கணும், அனுப்பல. ஆஸ்பத்திரியில மூணு வாரம் வீணாக்கினாங்க. அதுக்கு முன்னாடி நான் மூணு வாரம் வீணாக்கினேன். இப்ப இருக்கற நிலைமையில அவங்க என்மேல புகார் குடுக்கக்கூட ஒரு இடம் கிடையாது. அதுக்கும் சேர்த்துத்தான் சட்டம் கேக்கறோம்.”

செயலாளர் எழுந்து வெளியே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் பத்திரிகையில் கடிதத்தின் கதை இல்லை. இயற்கை வைத்தியரின் தவறால் கண் போனது என்று மட்டும் இருந்தது. வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அவளுடைய போர்டில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டதாக இரண்டு வரியில் தகவல் வந்தது. மசோதா ஏழு மாதம் அசையாமல் கிடந்தது. அதைக் கொன்றது தான்தான் என்றே அந்த ஏழு மாதமும் அவள் நம்பினாள். தெருவில் மற்ற வைத்தியர்கள் யாராவது எதிரே வந்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத சாமான் எதையாவது விலை கேட்டாள்.

எட்டாம் மாதம் சட்டம் நிறைவேறியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. வைத்தியர்கள் தாங்களே ஸ்கேனுக்கு எழுதும் உரிமை இல்லை. ஆனால் பதிவு எண்ணோடு வரும் கடிதத்தை ஆஸ்பத்திரி ஒதுக்க முடியாது. தேர்வு வந்தது, பதிவேடு வந்தது; அவளும் தேர்வு எழுதிப் பதிவு எண் வாங்கினாள். அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பிரிவுகளிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தூசி மெஷின்காரன் போர்டிலிருந்து ‘மருத்துவம்’ என்ற சொல்லை மட்டும் சுரண்டிவிட்டு, ‘இயற்கை’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, விதை பாக்கெட் விற்க ஆரம்பித்தான்.

புகார்க் குழு திறந்த முதல் வாரத்திலேயே கண்டக்டர் மனு கொடுத்தார். அவள் சீட்டைக் கொண்டுபோய் ஒப்படைத்தாள். தீர்ப்பு வர நாற்பத்தாறு நாள் ஆனது. தபால்காரர் அந்த நாற்பத்தாறு நாளும் அவளுக்கு எமனாகத் தெரிந்தார். பாவம், அவர் ஆள் நல்லவர், முதுகுவலிக்கு அவளிடம்தான் வருகிறவர். பதிவை ரத்து செய்யவில்லை. எழுத்தில் கண்டனம், ஒரு வருடம் மூத்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை, நோய் அறிதலில் மறுபடியும் தேர்வு. படித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

அதற்குப் பிறகுதான் தையல்காரம்மாவைப் பார்க்கப் போனாள். அதுவரை தைரியம் வரவில்லை. தெருமுனை வரை போய் இரண்டு முறை திரும்பியிருக்கிறாள்.

கண்டக்டரின் மனைவி மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா மேசையில் நீலத் துணியை விரித்து, தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்துகொள்ள அவள் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது.

“அண்ணன் புகார் குடுக்கறேன்னப்ப நான் வேணாம்னு சொல்லல” என்றாள்.

“வேணாம்னு சொல்லவே கூடாதும்மா.”

“அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போயிருக்கலாமாம். திரும்ப உக்காந்து சொன்னீங்களாம். அண்ணன் வந்து சொல்லுச்சு.” கோட்டைப் போட்டு முடித்தாள். “ஆனாலும் உங்களைப் பாத்தா கோவம் வருது டாக்டரம்மா. அது போகும்னும் தோணல.”

தண்ணி டாக்டர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கிளம்பட்டுமா என்று கேட்டாள். தையல்காரம்மா கத்தரியைக் கையில் எடுத்து, வெட்ட வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“வந்தது வந்தீங்க. உக்காருங்க” என்றாள்.