யாரும் கை வைக்காத வண்டிகள்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வந்த முதல் வண்டியே ஸ்டார்ட் ஆகாத வண்டி. இன்னொரு காரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓனர் இறங்கி நேராக என் மேஜைக்கு வந்தார்.

"காலைல வரைக்கும் சூப்பரா ஓடிக்கினு இருந்துச்சு மேடம். திடீர்னு நின்னு பூச்சு."

"ஊட்ல நீங்களா எதுனா கை வச்சீங்களா சார்?"

"சேச்சே! யாருமே தொடல."

அப்படியே ஜாப் கார்டில் எழுதினேன். எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் பாஸ்கர் அண்ணன் பானெட்டைத் தூக்கினார். பேட்டரி பக்கத்தில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும், பேட்டரி டெர்மினல் தேய்த்த பழைய டூத் பிரஷ்ஷும் கிடந்தன. ஓனர் எட்டிப் பார்த்தார். "அட, இந்த ஸ்பேனரத்தான் ரெண்டு நாளா தேடிக்கினு இருந்தேன்!" என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டி பைபாஸை ஒட்டி, எல்லா கம்பெனி கார்களையும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் பதினாறு வருடமாக சர்வீஸ் அட்வைசர். பேர்தான் பெரிசு. வண்டிக்கு என்ன வியாதி என்று ஓனரிடம் கேட்டு, கார்டில் எழுதி, மெக்கானிக் கையில் கொடுப்பதுதான் வேலை.

இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ஃபிட்டராகவோ வெல்டராகவோ இருப்பார். நாள் பூராவும் பெரிய பெரிய மெஷினைக் கட்டி மேய்க்கிறவருக்குத் தன் சின்னக் காரைத் திறக்க என்ன பயம்? லீவு நாளில் திறந்துவிடுவார். வள்ளூர் பவர் பிளான்ட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் சொந்தமாக வயரிங் செய்தார். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்தது. ஒரு வெல்டர் பேட்டரியைக் கழற்றாமலே சைலன்ஸருக்கு வெல்டிங் வைத்தார். சைலன்ஸர் அருமையாக ஒட்டியது, வண்டியின் கம்ப்யூட்டர் போர்டு போய்விட்டது. எலி வராமல் இருக்க இன்ஜினுக்குள் புகையிலை வைத்த ஒருவர், பாதி வழியில் வண்டி எரிகிறது என்று இறங்கி ஓடினார். எரிந்தது புகையிலைதான்.

ஆனால் கேட்டுப் பாருங்கள், எவருமே கை வைத்திருக்கமாட்டார்.

2. என் வாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரரே சொல்வார். பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். நாலு பேர் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.

ஒரு ஆடி மாதம், வியாழக்கிழமை. நெல் பயிர் வைக்கிற ஒரு பெரியவர் வண்டி கொண்டுவந்தார். வண்டி பின்னால் ஒரே வெள்ளைப் புகை. "ஒண்ணுமே பண்ணலமா" என்றார். பாஸ்கர் அண்ணன் இன்ஜின் ஆயிலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, மூடி வரைக்கும் ஆயில் இருக்கிறது என்றார். அளவுக் குச்சி இருப்பதே தெரியாமல், குடம் நிரப்புவது போல நிரப்பியிருக்கிறார்.

"ஐயா, இது இன்ஜினா, அண்டாவா? வழிய வழிய ஊத்திக்கிறீங்க! ஒண்ணுமே பண்ணலன்னு வேற சொல்றீங்க!" என்று கேட்டேன். வெயிட்டிங் ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அவரே சிரித்ததால் எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை என்பதையும் நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

அடுத்த நாற்காலியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவர்தான் தனசேகர். தேர்வாய் கண்டிகையில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். கம்பெனி சட்டையோடு வந்திருந்தார். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஓட ஓட வண்டி இழுத்துப் புடிக்குது மேடம். முன்னாடி வீல் ரெண்டும் சூடாவுது."

"நீங்க எதுனா கை வச்சீங்களா?"

அவர் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். "இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. அப்புறம் அங்க தொறந்தா ஸ்பேனரு வரும்."

மறுபடியும் ஹாலில் சிரிப்பு. "இல்ல மேடம்" என்றார் மறுபடியும். 'கஸ்டமர் கை வைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் மனைவி கலா மட்டும் என்னிடம் பேசினாள். "ஞாயித்துக்கெழம பெரியபாளையம் கோயிலுக்குப் போறோம்கா. சின்னவனுக்கு மொட்ட. போன வருசம் கொழந்தைக்கு ஒடம்பு ரொம்ப முடியாம போச்சு. வேப்பஞ்சேல கட்றேன்னு வேண்டிக்கினேன். எங்க அம்மால்லாம் வராங்க. இவரு தன்னோட வண்டியிலதான் இட்டுனு போவேன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள குடுத்துடுவீங்கல்ல?"

சாயங்காலமே கொடுத்துவிட்டோம். எங்கள் மெக்கானிக் மூர்த்தி பிரேக்கில் தேங்கியிருந்த பிரஷரை எடுத்துவிட்டு, பிரேக்கின் ஸ்லைடர் பின்களை எல்லாம் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். வீல் லேசாகச் சுற்றியது. பிரேக் ஆயில் ஃபுல்லாக இருந்தது. ஓட்டிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது.

3. ஊதிப்போன ரப்பர்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த பாஸ்கர் அண்ணன், மூர்த்தியின் டேபிளில் கிடந்த ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடி. உள்ளே இருக்கிற ரப்பர், தண்ணீரில் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தது.

"இது எந்த வண்டிதுடா?"

"அந்த பிரஸ் ஷாப் ஃபிட்டரோடதுண்ணே. மூடி சரியா உக்காரல, வேற போட்டேன்."

"வேற போட்டியா? ஏன் ஊதிச்சுன்னு பாக்கலியா?" அண்ணனின் குரலே மாறிவிட்டது. "மினரல் ஆயில் பட்டாத்தான்டா பிரேக் ரப்பரு இப்டி ஊதும். உள்ள வேற எதையோ ஊத்திக்கிறான். மூடியே இப்டின்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்குற ரப்பரு இன்னா ஆயிருக்கும்?"

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது ஆயிலே இல்லை. அது வேறு திரவம். அதற்கென்றே செய்த ரப்பர்தான் பிரேக்கில் இருக்கும். அதில் சாதாரண ஆயில் பட்டால் ரப்பர் வீங்கும். வீங்கினால் மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், ஒரு கட்டத்தில் பிரேக்கே இல்லாமல் போகும்.

உடனே தனசேகருக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே குழந்தைகள் சத்தம்.

"பிரேக் ஆயில்ல நீங்க எதுனா ஊத்துனீங்களா சார்?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே மேடம். நான் கம்பெனில மெயின்டெனன்ஸ். எனக்குத் தெரியாதா? வண்டி நல்லா கீது." கட் செய்துவிட்டார். மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

பாஸ்கர் அண்ணன் கார்டை எடுத்துப் பார்த்தார். "கை வைக்கலன்னு கையெழுத்து போட்ருக்கான். நம்ம மேல எதுவும் வராது."

"கையெழுத்து வந்து பிரேக் புடிக்குமாண்ணே?" என்று கத்திவிட்டேன். அண்ணன் என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் சிரித்தபோது அந்த ஆள் மனைவியைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சரி, போ. சாவிய வாங்கிக்கினு வா" என்றார் அண்ணன்.

4. அவர் வீட்டில்

கார்டில் இருந்த அட்ரஸை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். சத்தியவேடு ரோட்டில் போய், தேர்வாய் கண்டிகை தாண்டி உள்ளே ஒரு ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி இருக்கும். வாசலில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே புளிசாதத்துக்குத் தாளிக்கிற வாசனை. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

தனசேகருக்கு என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "வண்டிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் சார்" என்று சொல்லி அவரை வண்டியிடம் அழைத்துப் போனேன். பானெட்டைத் தூக்கச் சொன்னேன். ரெண்டு பேர் தலையும் பானெட்டுக்கு உள்ளே. வெளியில் யாருக்கும் எங்கள் முகம் தெரியாது.

"அன்னிக்கு அந்தப் பெரியவர நாலு பேர் எதிர்ல கிண்டல் பண்ணேன் பாருங்க, அது தப்பு சார். உங்களையும் பேசிட்டேன். அதுக்கு மன்னிச்சிக்குங்க. ஆனா கொழந்தைங்கள ஏத்திக்கினு போற வண்டி சார் இது."

அவர் வீட்டுக்குப் பின்னால் போய், பாத்ரூம் ஓட்டில் சொருகி வைத்திருந்த ஒரு கூல்டிரிங்க் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அதில் பாதி ஆயில் இருந்தது.

"எங்க இருநூறு டன் பிரஸ்ஸுக்கு ஊத்துற ஹைட்ராலிக் ஆயில் மேடம். பிரேக் லைட் எரிஞ்சிச்சு, பாத்தா ஆயில் கம்மி. மிதிச்சா ஆயில் தள்ளுது, பிஸ்டன் வருது. எங்க பிரஸ்ஸும் அதத்தான் பண்ணுது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு டிரம்முல மிச்சம் இருந்தத எடுத்தாந்துட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா சார்?"

"எப்டி மேடம் சொல்றது? கம்பெனி கேட்டுல புடிச்சிருந்தா திருட்டுன்னு எழுதி அன்னிக்கே அவுட்டு. எங்க எச்.ஆர். ஆபீசரோட காரும் உங்க கடைக்குத்தான் வருது. நீங்க கார்டுல எழுதுறீங்க. கலா வேற பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தா." பாட்டிலை மறுபடி துண்டில் சுற்றினார். "இன்னிக்குக் காலைல கூட சூடாச்சு மேடம். அங்கங்க நிறுத்தி ஆற வச்சிப் போய்டலாம்னு நெனச்சேன்."

குழந்தைகளோடு ஆறு பேர். ஆடி ஞாயிறு பெரியபாளையம் ரோட்டில் நடந்து போகிற கூட்டத்துக்கு நடுவில் இந்த வண்டி. ஒரு லிட்டர் ஆயிலுக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு மனுஷன் இவ்வளவையும் ஒற்றை ஆளாக மனசில் போட்டுப் புழுங்கியிருக்கிறான்.

பாட்டிலை வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டேன். வாசலுக்குப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எங்க கடையில ஒரு தப்பு நடந்து போச்சு. பிரேக்குல ஒரு பார்ட் மாத்தி மாட்டிட்டாங்க. நாளைக்கு இந்த வண்டிய எடுக்கக் கூடாது. சாவி வாங்கிக்கினு போக வந்தேன்."

அவ்வளவுதான். தனசேகரின் மாமியார் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "இன்னாம்மா கட நடத்துறீங்க? கொழந்த குட்டிங்க போற வண்டி! நல்லா கீதுன்னு நீங்கதான குடுத்தீங்க? இப்ப வந்து கடைசி நேரத்துல பேஜாரு பண்றியே! பொம்பளைய இட்டாந்து உக்கார வச்சா இப்டித்தான்!"

அந்தக் கடைசி வார்த்தைக்கு வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த அம்மா விடவில்லை. என் கடையை, என் முதலாளியை, என் படிப்பை எல்லாம் இழுத்தார்.

"அத்த, போதும்." தனசேகர் முன்னால் வந்து நின்றார். "மேடம திட்டாதீங்க. கடையில தப்பு இல்ல. நான்தான் வேற ஆயில ஊத்திட்டேன். கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன்."

கலா வாயில் கை வைத்துக்கொண்டாள். மாமியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இத சொல்றதுக்கா இம்மாம் பயம்? எங்க ஊட்டுக்காரரு, செத்துப்போன மனுசன், மிக்சிய ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சிப் போட்டாரு. ரெண்டு வருசம் அம்மியிலதான் அரச்சேன். அதுக்குன்னு அந்த ஆள வெட்டிப் போட்டுட்டேனா? பஸ்ஸு கீது, போலாம்." என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்குமா பழிய எடுத்து உன் தலைல போட்டுக்கினே? உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ."

5. கார்டில் எழுதியது

ஞாயிறு மதியம் கலா போட்டோ அனுப்பியிருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சின்னவன், வேப்பிலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு கலா. ஓரத்தில் தனசேகர், கூட்டத்தில் சட்டை கசங்கி நின்றிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை வண்டியைத் தூக்கி வந்து பிரித்தோம். ரப்பர் ஒன்று மிச்சமில்லாமல் வீங்கியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் பாஸ்கர் அண்ணன். கார்டில் 'தவறான ஆயில் கலந்துவிட்டது' என்று மட்டும் எழுதினேன். என்ன ஆயில், எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. பாட்டிலில் இருந்ததைக் கழிவு ஆயில் டிரம்மில் நானே ஊற்றினேன். நான் செய்தது சட்டப்படி சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதற்கு அப்புறம் நான் யாரிடமும் "கை வச்சீங்களா" என்று கேட்பதில்லை. "எது வரைக்கும் வேல முடிச்சி வச்சிக்கிறீங்க சார்?" என்று கேட்கிறேன். குரலையும் தணித்துத்தான் கேட்கிறேன். முதல் தடவை அப்படிக் கேட்டபோது அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தப் போல்ட் கழன்று வரவில்லை என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். தனக்குப் பாதி வேலை குறைந்தது என்றார் மூர்த்தி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம், கஸ்டமர் பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிற மாதிரி கேளுங்கள். வண்டியில் அவரோடு யார் யார் ஏறப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.