அடுத்த வண்டியில் வருகிறேன் என்றவர்

தவராசா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வவுனியா வைத்தியசாலையில் டயலைசிஸ் மெசினோடு கிடந்தேன். இடக்கையில் இரண்டு ஊசி. என் இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் துப்புரவாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் செத்துப் போயிருந்த தொலைபேசிக் கோபுரம் உயிர்த்த பிறகு எங்கள் ஊரான கனகராயன்குளத்திலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு அது. அவருடைய மனைவி புஷ்பம் அக்கா பேசினார். "குணம், உங்கட அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்." எழும்ப முடியாது, வெளியே போய் அழவும் முடியாது. மெசின் தன் வேலையை முடிக்கும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில் அவருடையது. அன்று அதில் வேறு யாரோ படுத்திருந்தார்.

காலைப் பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்கும் அந்த வார்ட்டில் எங்களைப்போலக் கிடப்பவர்களுக்கும் அவர் ‘மெற்றோ’ தவராசா. பட்டப்பெயரைச் சூட்டியது நான்தான். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அரைவாசிச் சேவைக்காலத்தை அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பதிலேயே கழித்தவன். ஆனால் இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில்களைத் தவிர அந்த மனுசனுக்கு வேறு கதை கிடையாது.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவேயில்லை. இருவருக்கும் சிறுநீரகம் பழுது, இருவருக்கும் ஒரே நாளில் முறை, ஊரும் ஒன்று. அதனால் ஒரே பஸ், ஒரே சீற். காலடியில் யாரோ ஒருவருடைய கோழி கத்திக்கொண்டிருக்கும், முதுகில் யாரோ ஒருவருடைய உரப்பை இடிக்கும். இந்த மனுசன் லண்டன் சுரங்க ரயிலில் கூரை எவ்வளவு தாழ்வு, கோடையில் எவ்வளவு புழுக்கம் என்று முறைப்பட்டுக்கொண்டு வருவார். "அண்ணை, இப்ப நாங்கள் இருக்கிறதை விடவோ?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை. கோழியைப் பார்த்தார். "லண்டனில நாயைக் கொண்டு வருவாங்கள். கோழி காணேல்லை" என்றார்.

அவர் வெளிநாடு போன வழியே நிலத்துக்குக் கீழேதான். ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். அந்தப் பனிக்காலத்தில் பகலெல்லாம் மெற்றோவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடிச் சூட்டில் உயிர் பிழைத்தாராம். பிறகு பாரிஸ். அங்கே அகதி விசா கிடைத்தது, மெற்றோ நிலையங்களை இரவில் கழுவும் வேலையும் கிடைத்தது. தமையன் வீட்டுக்கு லண்டன் போய்வந்தார். இந்த மூன்றையும் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டேயிருப்பார். மொஸ்கோவில் பளிங்குத் தூண், கொத்து விளக்கு, இறங்க இறங்க முடிவடையாத, தானாய் ஓடும் ஏறுபடி. ஆனால் வாசலில் பொலிஸ் நின்று கறுத்த தோலைக் கண்டால் கடதாசி கேட்கும். பாரிஸில் மூத்திர மணம், எலி. ஆனால் எந்தச் சந்தியில் நின்றாலும் நடக்கிற தூரத்தில் ஒரு வாசல் இருக்கும்.

எது நல்லது என்று கேட்டால் அவருடைய மறுமொழி எப்போதும் ஒன்றுதான். "பளிங்கைப் பாத்துச் சொல்லேலாது, குணம். ஒண்டைத் தவறவிட்டால் மற்றது எப்ப வரும்? அதை மட்டும் கேளும்." பாரிஸ் நிலையத்தில் அடுத்த வண்டி வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பலகை காட்டுமாம். மொஸ்கோவில் மணிக்கூடு மறுவளமாம். கடைசி வண்டி போய் எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று அது காட்டுமாம். "போனதைக் காட்டி என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன். "அங்க அடுத்தது வருமெண்டு எல்லாருக்கும் தெரியும். அதால போனதைக் காட்டினாலும் ஒருத்தருக்கும் பயமில்லை" என்றார்.

வார்ட்டில் அவருக்கு ஒரேயொரு எதிராளி நசீர் நானா. முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்தவர், இடையில் டுபாயில் வேலை பார்த்தவர். "அங்க சாரதியே இல்லாம ரயில் ஓடுது, தெரியுமா?" என்பார் நானா. "சாரதி இல்லாட்டி பிந்தினால் ஆரைப் பேசுறது?" என்பார் தவராசா அண்ணன். இருவரும் கையில் ஊசியோடு அசையாமல் கிடந்தபடி உலகத்துச் சுரங்கங்களுக்காகச் சண்டை பிடிப்பார்கள். மிஸி வந்து, "இரத்த அழுத்தம் ஏறுது, ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்று தாதிக்குரிய அதிகாரத்தோடு அதட்டுவார். எனக்கு அந்த மணித்தியாலங்கள் அப்படித்தான் கழிந்தன. அந்தச் சத்தம் இல்லாத வார்ட்டில் இப்போது மெசினின் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஏன் திரும்பி வந்தார் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அதைக் கேட்பதில்லை. அவராகத்தான் ஒருநாள் பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது சொன்னார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மனைவியும் ஒரே மகள் கலாவும் இங்கே அகப்பட்டிருந்தார்கள். பதுங்கியிருந்த பங்கருக்குள் மண் இடிந்து விழுந்ததில் கலா போய்விட்டாள். அந்தச் செய்தி ஆள்மாறி ஆள்மாறிப் பாரிஸுக்கு வந்தபோது அவர் இரவு வேலையில் இருந்தார். அந்த ஆழத்தில் தொலைபேசி எடுக்காது. விடிந்து படியேறி வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. "பிள்ளை நிலத்துக்குக் கீழ. நான் அது தெரியாமல் நிலத்துக்குக் கீழ நிண்டு சுவர் கழுவிக்கொண்டிருக்கிறன்" என்றார். வவுனியா வரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்த மனைவியைத் தேடி அவர் வந்தார். அகதியாக ஏற்கப்பட்டவர் தப்பி வந்த நாட்டுக்கே திரும்பினால் அந்த விசா போய்விடும். அது தெரிந்துதான் வந்தார். சில வருசங்களில் சிறுநீரகம் பழுதானது. அங்கேயே இருந்திருந்தால் வீட்டு வாசலுக்கு வாகனம் வந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போயிருக்கும் என்று அவருடைய பழைய கூட்டாளிகள் தொலைபேசியில் சொல்வார்களாம். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேறு சிறுநீரகம் பொருத்த முடியுமா என்று கேட்க ஒருமுறை புஷ்பம் அக்காவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். வைத்தியர் முடியாது என்றுவிட்டார். அந்தக் கவலையை மறக்க அக்காவுக்குச் சென்னை மெற்றோவைக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். ஏறுபடி கீழே இறங்குவதைக் கண்டதும் அக்கா கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "திரும்பவும் பங்கருக்கையோ? நான் வரேல்லை." அவரை மேலே ஒரு கதிரையில் இருத்திவிட்டு, இவர் மட்டும் போய் ஒரு நிலையம் வரை ஓடிவிட்டு வந்திருக்கிறார். உள்ளே அடுத்த நிலையத்தின் பெயரைத் தமிழில் அறிவித்தார்களாம். "உலகம் முழுக்க ஓடினனான் குணம், என்ர பாசையில ஒரு ரயிலும் என்னோட கதைச்சதில்லை" என்றார். ஆனாலும் அக்காவைக் கீழே கூப்பிட்டது தன் வாழ்க்கையில் செய்த மோசமான காரியம் என்பார்.

இத்தனை பட்டும் அவரிடமிருந்து ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. பஸ் வந்தால் அவர் ஓடமாட்டார். எங்கள் சனம் பஸ்ஸைக் கண்டால் ஓடும். தூரத்தில் அது வரும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும். முதற்காலை வைத்தவன் பையை எறிந்து சீற் பிடிப்பான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பழகினது அது. கிடைத்ததில் ஏறாதவன் எங்கே கிடப்பான் என்று எங்களுக்குத் தெரியும். அவரோ கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். "ஏன் விழுந்தடிக்கிறியள்? அடுத்ததில போவம்" என்பார். பாரிஸில் அந்த நிதானம் நாகரிகம். இங்கே அது ஆபத்து. எத்தனையோ தரம் சட்டையில் பிடித்து இழுத்து ஏற்றியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு ஏறுவார்.

இந்த மாரியில் குளங்கள் மேவி வீதியை மூடின. பஸ் இல்லை, ரயிலும் நின்றுவிட்டது. எங்களுக்கோ ஒரு முறை தவறியிருந்தது, அடுத்ததும் தவறினால் உடம்பில் ஏறுகிற நீர் நெஞ்சை அடைக்கும். ஊர்ப் பொடியள் சிலர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஆட்களை ஏற்றி வெள்ளத்தைக் கடத்திவிட்டார்கள். அப்பால் வாகனம் நின்றது. நான் ஏறிவிட்டேன். அவரையும் ஏறச் சொல்லிக் கையை நீட்டினேன். அந்த நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாச்சி வந்தாள். பிரசவ நோ தொடங்கிவிட்டது. இன்னும் ஓராளுக்குத்தான் இடம். அவர் பின்னுக்கு விலகி அவளை ஏற்றிவிட்டார்.

"அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ, தொங்கிக்கொண்டெண்டாலும் ஏறுங்கோ!" என்று நான் கத்தினேன்.

"நீர் போய் என்ர கட்டிலைப் பிடிச்சு வையும். நான் அடுத்ததில வாறன்."

முழங்கால் தண்ணீரில், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். பாரிஸில் நிற்கிறவரைப் போலத்தான் நின்றார். எங்களை இறக்கிவிட்டு உழவு இயந்திரம் திரும்பிப் போவதற்குள் மதகு உடைந்து வீதி அறுந்துவிட்டது. நான் கட்டிலைப் பிடித்து வைத்தேன். மிஸி கேட்கும்போதெல்லாம், "வந்துகொண்டிருக்கிறார்" என்று சொன்னேன். கடைசியில் அந்தக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், சுவரோடு சாய்ந்தபடி, மூச்செடுக்க முடியாமல் அவர் போயிருக்கிறார். படுத்தால் மூச்சு வராது என்று இருந்தபடியே இருந்தாராம். வெளியே ஏதாவது இரைந்தால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார் என்று அக்கா சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அதை நினைத்து ஆறுதல்படும்படி பலர் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஒரு மனுசன் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு வண்டி தேவைப்பட்டது, அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ நகரங்களில் அது கேட்காமலே வருகிறது. எனக்கு அவர்மீதும் கோபம்தான்.

அவருடைய அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த பிறகு ஒரு காலை புஷ்பம் அக்காவும் தரிப்பிடத்தில் நின்றார். வவுனியாவில் கண் கிளினிக். பஸ் நிரம்பி வழிந்து வந்தது, சனம் விழுந்தடித்து ஓடியது. நானும் ஓடி மிதிபலகையில் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "நீங்கள் போங்கோ குணம், நான் அடுத்ததில வாறன்" என்றார்.

ஊசி குத்துகிற கையால் பாரம் இழுக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மற்றக் கையால் நான் கம்பியைப் பிடித்திருந்தேன். அவரிடமிருந்து என்ன எடுத்து வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் இருவருக்கும் பொதுவாயிருந்த அந்த ஊசிக் கையைத்தான் காட்டுவேன். அந்த ஊசிக் கையாலேயே அக்காவின் கையைப் பற்றினேன்.

"அடுத்தது வராது அக்கா, ஏறுங்கோ" என்றேன்.