வெற்றுக் குழாயில் ஒரு கறுப்புப் புள்ளி

என் பையில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது. அதன் வெளிப்புறத்தில், அடிப்பக்கமாக, மார்க்கரால் வைத்த கறுப்புப் புள்ளி. வைத்தவர் மேடம். தருமபுரியை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். எட்டாவதோடு நின்று, லாரி, செங்கல் சூளை, பெங்களூரு ஓட்டல் என்று அலைந்த நான் அங்கே உதவியாளாக இருந்தேன்.

அந்தச் செல்கள் தாம் மிதக்கும் திரவத்தில் நுண்பைகளை உதிர்க்கும். எக்சோசோம் என்பார்கள். நோய் வெளியே அனுப்பும் சேதி அவற்றில் இருக்கிறதாம். திரவத்தை எந்திரத்தில் வெகுவேகமாகச் சுழற்றினால் அவை குழாயின் ஒரு பக்கம் படியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் படியப்போகும் இடத்தில் முன்னதாகவே புள்ளி வைப்பார்.

செல்களுக்குத் தீனி, கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். அதிலும் கன்றின் நுண்பைகள் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நீக்கிய குப்பி குளிர்பெட்டியில் இடப்பக்கம், நீக்காதது வலப்பக்கம். நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் நம்புவேன். ஒருநாள் பெட்டியைக் கழுவி அடுக்கியபோது இடம் மாறிப்போனது. பல வாரம் கழித்து வலப்பக்கக் குப்பியைத் தற்செயலாகத் திருப்பினேன். எனக்காகவே தமிழில் எழுதியிருந்தார்: 'நீக்கியது'. அத்தனை வாரமும் நான் ஊற்றியது நீக்காததை.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. சொல்லாமல் ஊரைவிட்டுப் போவது எனக்குப் பழகிய வேலை. போகவில்லை, சொன்னேன். மேடம் உடனே செல்லே இல்லாத வெறும் திரவத்தைச் சுழற்றிச் சோதித்தார். அதிலும் நுண்பைகள் கொட்டிக் கிடந்தன.

அவருடைய வழிகாட்டி சிரித்தார். "எண்ணிக்கை நல்லா வந்திருக்குதும்மா. யாரு கேக்கப்போறாங்க? எட்டாவது தாண்டாதவன் கையில குப்பியக் குடுத்தா இப்புடித்தான். இவன அனுப்பிட்டு எழுதி முடி."

"கன்னுக்குட்டியோடதப் பொம்பளைங்க நோவுன்னு எழுதச் சொல்றீங்களா சார்? மாட்டேங்க. அண்ணனையும் அனுப்ப மாட்டேன். அவரு சொல்லலன்னா நான் பொய்யத்தான் எழுதிருப்பேன்."

"கெடு முடிஞ்சா பட்டம் போயிரும்."

"போவட்டுங்க."

அத்தனை மாதிரிகளையும் வழிகாட்டியின் முன்னாலேயே மேடம் கொட்டினார். கெடு தாண்டியது. மனுப்போட்டு, அலுவலகப் படியேறிச் சண்டைபோட்டு, முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை குப்பியின் எழுத்தை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஊற்றினேன். நுண்பைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அவை அந்தச் செல்கள் உதிர்த்தவை. செல் இல்லாத குழாயில் சொல்லும்படி எதுவுமில்லை. அந்தக் குழாயைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டம் தாமதமாக வந்தது, குனியாமல் வந்தது.

இப்போது ஏரியூர்ப் பக்கம் போர்வெல் வண்டியில் இருக்கிறேன். உடன் வேலை செய்பவர் போன வாரம் பையைக் கிண்டினார்.

"காலிக் குழாயச் சொமந்துக்கிட்டுத் திரியிறியே, உள்ள என்னாய்யா இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. அதுக்குத்தான் அவ்வளவு சண்டை."