ஆனேக்கல் காட்டில் பத்து பை மண்

1999 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. காலை 5.50க்குத் தொம்மலூர் வீட்டைப் பூட்டினேன். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நான்காவது முறைக்கு மருமகள் செல்வி விடவில்லை.

"மாமா, மேகம் நமக்காக நிக்காது. வாங்க."

செல்வி மண்ணைப் பற்றி ஆராய்கிறவள். ஆனேக்கல் தாண்டி, லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய காட்டில், சாலையிலிருந்து உள்ளே நேர்கோட்டில் பத்து இடங்களில் இரண்டு வருஷமாக மண் எடுத்து வருகிறாள். வண்டிப் புகை இலைகளில் படிகிறது. மழை அதைக் கழுவி வேர்வரை இறக்குகிறது. மண் புளித்து அமிலமாகி, மரத்துக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது. இந்தப் புகை காட்டுக்குள் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. கோடையின் முதல் மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மண் எடுக்க வேண்டும். மழை முந்திவிட்டால் அந்த வருஷமே வீண். மழையோ இப்போதெல்லாம் எந்த மாதத்துக்கும் கட்டுப்படுவதில்லை.

வழக்கமாக உடன் போகும் உதவியாளருக்கு அம்மை போட்டிருந்தது. என் மகன் ஹூப்ளியில் வேலையாக இருந்தான். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நேரக்காப்பாளனாக இருந்தவன், எனக்கு எண்ணத் தெரியும் என்று நானே கிளம்பினேன்.

6.35க்கு மடிவாளாவில் பஸ் ஏறினோம். சந்தாபுரா வரை எதிரே வந்த லாரிகள் 187. அங்கே இறங்கி ஆளுக்கு மூன்று இட்லி, வேறு பஸ், 8.20க்கு ஆனேக்கல். காட்டு எல்லை வரை ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார்.

"மீட்டர் இல்லியா?" என்றேன்.

"இருக்குது சார். அது ஓடினா இன்னும் ஜாஸ்தி வரும். போடட்டுமா?"

செல்வி சிரித்தபடி ஏறிக்கொண்டாள்.

9.05க்குச் சோதனைச் சாவடி. காவலர் முனிராஜு அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, யானைகள் நேற்றே தளி பக்கம் போய்விட்டன என்றார். "எத்தனை?" என்று கேட்டேன்.

"எண்றதுக்கு நான் நிக்கல, யஜமான்ரே."

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை; அவரும் எங்களோடு கிளம்பியதுதான் ஆறுதல்.

வேலை எளிது. நான் ஐம்பது அடி எண்ணி நடப்பேன். அங்கே செல்வி அடித்து வைத்த முளை இருக்கும். சருகை ஒதுக்கிச் சிறு கரண்டியால் மண் எடுத்துப் பையில் போட்டு எண்ணிட வேண்டும். "கையால தொட வேணாம் மாமா" என்று ஒரு தடவைதான் சொன்னாள். அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

மூன்று பை ஒழுங்காக முடிந்தது. நான்காவது முளையருகே யானைச் சாணம் கிடந்தது. ஈரம் காயவில்லை. சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நெற்றி நிறைய இட்டுக்கொண்டேன். ஐந்தாவது முளையில் மூங்கில் முறிந்த சத்தம்; மறுபடி இட்டேன்.

முனிராஜு பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோ பட்டை போட்டா ஆனையே பூசாரின்னு கும்பிட்டுப் போயிடும்."

செல்வி குறிப்பேட்டில் குனிந்திருந்தாள். மண்கட்டிகள் பெரிதாக இருக்கிறதே, அவளுக்கு வேலை குறையட்டும் என்று அவற்றை விரலால் நொறுக்கி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டேன். ஏழாவது பையோடு இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டிலிருந்து முனிராஜு கரண்டியை வாங்கிக்கொண்டார். நான் அடி மட்டும் எண்ணினேன்.

12.10க்குச் சாவடிக்குத் திரும்பினோம். செல்வி ஒவ்வொரு பையிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, சோதனைத் தாளை நனைத்தாள். முதல் மூன்றும் மஞ்சள். புளிப்பு மண். கடைசி மூன்றும் லேசான பச்சை. நடுவில் நான்கு மட்டும் நீலப்பச்சை, புளிப்பே இல்லாத மண்.

"இது எப்படி?" என்றாள். மறுபடியும் நனைத்தாள். அதே நிறம்.

"அந்தாண்ட கல் குவாரி இருக்குது மேடம். தூள் பறந்து வரும்" என்றார் முனிராஜு.

அவள் முகம் மலர்ந்தது. கல்தூசி புளிப்பை மட்டுப்படுத்துமாம். அது காட்டுக்குள் இந்த இடத்தில் இறங்குகிறது என்றால் புதுச் செய்தியாம். பேனா வேகமாக ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

நான் முகம் கழுவலாம் என்று சாவடிக் குழாயருகே போனேன். எங்களுக்காகக் காத்து நின்ற ஆட்டோவின் கண்ணாடியில் என் நெற்றி தெரிந்தது. பிறகு என் விரல்களைப் பார்த்தேன். நகத்திடுக்கில் எல்லாம் வெள்ளை. திருநீறு சாம்பல், சாம்பல் காரம், காரம் புளிப்பைத் தின்றுவிடும். பள்ளியில் படித்ததுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் சந்தோஷம் நிலைக்கும். நடக்காத ஒன்றையும் அவள் எழுதிவிடுவாள். தென்மேற்கில் மேகம் கறுத்திருந்தது.

"செல்வி, அது குவாரி இல்லம்மா. நான்."

கையை நீட்டினேன். விரலையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"எத்தனையாவது பையிலேர்ந்து மாமா?"

"நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. மூணு சுத்தம். எட்டைத் தொடவே இல்ல."

"நிச்சயமா?"

"எண்ணினேம்மா."

அப்போதுதான் சிரித்தாள். "இதை நம்பறேன். வாங்க, நாலு பைதானே."

சாவடிக் குழாயில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். நான்காவது முறைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை முனிராஜுவிடம் கொடுத்துவிட்டு மறுபடி காட்டுக்குள் போனோம். நான் அடி எண்ண, அவளே மண் எடுத்தாள். ஏழாவது பையைக் கட்டும்போது மணி 1.40. சாவடிக்கு வருவதற்குள் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்துவிட்டன.

2.30க்கு ஆனேக்கலில் பஸ். மழை ஜன்னலில் அடித்தது. எங்கள் வாசலில் ஒரு புங்கமரம் உண்டு. அதன் இலையைத் தேய்த்தால் விரல் கறுக்கும். வாரம் ஒரு நாள் வாளித் தண்ணீர் ஊற்றி, எட்டிய இலைகளைக் கழுவிவிடுவேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. அத்தனை கறுப்பும் அதன் காலடியிலேயேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. காட்டு மரத்துக்கு லாரி செய்வதை வீட்டு மரத்துக்கு நானே வாளியால் செய்திருக்கிறேன். செல்வியிடம் சொன்னேன்.

"அடுத்த தடவை அதுலயும் ஒரு பை எடுப்போம் மாமா."

மடியில் பைகளைத் தடவி எண்ணினேன். பத்து. பத்துக்கும் வாய் கட்டியிருந்தது. சந்தாபுரா தாண்டும்போது பக்கத்திலேயே ஓர் இடி விழுந்தது. பஸ்ஸே குலுங்கியது.

செல்வி பைகளை என் மடியிலிருந்து தன் கால் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என் பக்கம் நெற்றியைச் சாய்த்தாள்.

"முனிராஜு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? இப்ப எனக்கும் கொஞ்சம் வெச்சு விடுங்க."