கையை எடுடா

எங்கள் அச்சகத்தில் அவளை ஸ்கேலக்கா என்றால்தான் தெரியும். கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். தாள் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், தைத்து, ஒட்டி, கட்டிங் மெஷின்வரை கற்றுக்கொண்டு, போன வருஷம் பைண்டிங் பகுதிக்கே சூப்பர்வைசர் ஆனாள். அதில் ஒருத்தருக்குத்தான் முகம் சுண்டிப்போனது. கட்டிங் மெஷினில் நிற்கிற அவள் வீட்டுக்காரருக்கு. பாருங்கள், எழுதும்போதே எனக்கு அக்கா 'அவள்', அந்த மனுஷர் 'அவர்'. பாழாய்ப்போன பழக்கம்!

கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டில் "வாடி, போடி" என்கிறவளை இங்கே எப்படிக் கூப்பிடுவது? "நீ" என்றால் மற்றவர்கள் பார்ப்பார்கள், "நீங்க" என்றால் நாக்கு புரளாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். "தாள் வந்தாச்சா?" "இதை வெட்டலாமா?" "டீ குடிச்சாச்சா?" யாரைக் கேட்கிறார் என்று சுவருக்குத்தான் தெரியும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்த மெஷினில் கத்தி இறங்க இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. இவர் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைத்து, ஒற்றைக் கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வேலை சீக்கிரம் ஆகுமாம். டேப்பை எடுக்கச் சொல்லி அக்கா பலமுறை சொல்லிவிட்டாள். "இதெல்லாம் நமக்குத் தெரியும்" என்பார், கூரையைப் பார்த்து.

அன்றைக்கு ஒரு கட்டு கோணலாக நின்றது. இடது கையை உள்ளே விட்டு நேராக்கிக்கொண்டே வலது கையால் பட்டனை அழுத்திவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா அலறினாள்.

"டேய், கையை எடுடா!"

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கத்தி சட்டைக் கையின் ஓரத்தை மட்டும் நறுக்கிப்போட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஐந்து விரலும் இருந்தன. அவர் விரலைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்ற எங்களைத்தான் பார்த்தார். "எல்லார் முன்னாடியும் டாவா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் நேராக முதலாளியிடம் போய் நின்றார். அவள் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழையபடி ஒட்டுகிற வேலைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம்.

கட்டிங் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, "ஒரு வார்த்தைதானேம்மா, கொஞ்சம் இறங்கி வந்தா என்ன?" என்றார் அக்காவிடம்.

ஒட்டுகிற பகுதிப் பெரியம்மா பக்கத்தில் முணுமுணுத்தாள். "என்ன இருந்தாலும் புருஷன். காப்பாத்துறதையும் மரியாதையா காப்பாத்தணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதே "ஏய்" என்றுதான். அதற்கு எந்த முதலாளியும் பஞ்சாயத்து வைத்ததில்லை.

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள். "டா போட்டது தப்புன்னே வச்சுக்கலாம். அடுத்த தடவை 'கையை எடுங்க'ன்னு மரியாதையா சொல்றேன். ஆனா அந்த 'ங்க' வாயில வர்றதுக்குள்ள கத்தி இறங்கிடும். உங்களுக்கு விரல் வேணுமா, 'ங்க' வேணுமா? நீங்களே சொல்லுங்க."

அவள் போய் அந்த டேப்பைப் பிய்த்து எறிந்தாள்.

"சூப்பர்வைசர் வேலையை நான் விடமாட்டேன். இனிமே வெட்டுறதுக்கு முன்னாடி 'கையை எடுத்தாச்சு'ன்னு சத்தமா சொல்லணும். யாரா இருந்தாலும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு மெஷினுக்குப் போனார்.

வீட்டில் எப்படி இருக்கிறது என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பேசிக்கிறோம். நானும் அவரு பாஷைக்கே வந்துட்டேன். 'சாப்பாடு ரெடி', 'கதவு பூட்டியாச்சா'ன்னு. வாங்க போங்க கிடையாது. அவரும் வாடி போடியை விட்டுட்டாரு."

"கஷ்டமா இல்லையாக்கா?"

"இருக்கு. ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறோம்."

மெஷின் பக்கமிருந்து சத்தம் வந்தது. "கையை எடுத்தாச்சு!"

அக்கா நிமிர்ந்து, அவருடைய இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.