இரண்டு கல், இரண்டு பூஜ்யம்

புது வாய்க்காலில் தண்ணீர் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. செலியமேட்டு ஜனங்கள் கரையில் நின்று என்னையே பார்த்தார்கள். லெவல் எடுத்தவன், அதாவது கருவி வைத்து நிலத்தின் உயரம் அளந்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் போய், மராமத்து ஆபீஸ் நம் ஆட்கள் கைக்கு வந்திருந்த சமயம். எனக்கு வேலையில் இரண்டாம் வருஷம்.

ஸ்லோப், அதாவது வாய்க்காலின் இறக்கம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசத்தை, இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். ஏரி மதகடியில் பிரெஞ்சுக்காரர் உயரம் பொறித்து நட்ட பெஞ்ச்மார்க் கல் இருந்தது, உயரம் மீட்டரில். வாய்க்காலின் கடைசியில், எல்லைக்கு அந்தப்பக்கப் பாலத்தில் இங்கிலீஷ்காரர் கல்; உயரம் அடியில். அந்தந்தக் கல்லை வைத்து அந்தந்த முனைக்கு லெவல் எடுத்தேன். மதகு முனை 4.57 மீட்டர், அதாவது பதினைந்து அடி. கடைசி முனை பதின்மூன்று. தூரம் நாலாயிரம் அடி. ஆக, இரண்டாயிரத்துக்கு ஒன்று இறக்கம். மீட்டரை மறக்காமல் அடியாக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு கல்லிலிருந்து மற்றக் கல்வரை லெவலை நடத்திக்கொண்டு போய்ச் சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலை. வெயிலுக்குச் சோம்பி விட்டுவிட்டேன்.

கடைசி வயல் தனகோடியுடையது. புருஷனை இழந்தவள். வாய்க்கால் வெட்டும்போதே வந்து கேட்டாள்.

"இன்னா சார், என் கழனி வரிக்கும் தண்ணி வருமா? வந்தா நட்டுடுவேன்."

"தாராளமா நடும்மா. கண்டிப்பா வரும்" என்றேன். அப்போது பெய்திருந்த மழை ஈரத்தில் நட்டுவிட்டாள்.

தண்ணீர் நின்ற மறுநாள், கல்லிலிருந்து கல்லுக்கு லெவலை நடத்தினேன். அளவுகளைக் குறித்த என் லெவல் புத்தகத்தைப் பார்த்த இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, அவன் பூஜ்யமும் இவன் பூஜ்யமும் ஒண்ணுன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

பிரெஞ்சுக் கல்லின் உயரத்தை எண்ணத் தொடங்கிய பூஜ்யம், இங்கிலீஷ் கல்லின் பூஜ்யத்தைவிட மூன்று அடி கீழே இருந்தது. இங்கிலீஷ் கணக்குப்படி மதகு முனை பன்னிரண்டு அடிதான். ஒரு அடி மேட்டில் ஏறும்படி வாய்க்காலை வெட்டி வைத்திருந்தேன்.

மறுபடி வெட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும். கடிதம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பயிர் அதுவரை காத்திருக்குமா?

தனகோடியிடம் போனபோது காய்ந்த நடவில் மாட்டை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"கணக்கு தப்பாயிடுச்சும்மா."

"கணக்கு எனக்கு இன்னா சார் தெரியும்? வரும்னு சொன்னீங்க. வூட்ல இருந்த வெத நெல்லு மொத்தத்தையும் நாத்து வுட்டுட்டேன். வுடுங்க, மாடாச்சும் துன்னட்டும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, இரண்டு புள்ளியும் ஒரே பூஜ்யத்திலிருந்து அளந்தவையா என்று பாருங்கள். அப்புறம் வகுங்கள்.

அடுத்த வருஷம் வாய்க்காலைச் சரியாக வெட்டினோம். தண்ணீர் கடைசி வயல்வரை போனது. அந்த வயலில் அப்போது வேறு யாரோ நட்டுக்கொண்டிருந்தார்கள்.