முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் ஞானத்தகப்பன்

பந்தெலிஸுக்குப் பெற்ற பிள்ளை ஒன்று. எண்ணெய் தடவிப் பெயர் வைத்த பிள்ளைகள் முப்பத்தெட்டு. ஆஸ்திரேலியாவில் போர்ட் கெம்ப்ளா என்ற எங்கள் ஊரில் இருந்த கிரேக்க வீடுகளில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். பிள்ளை ஆசையில் செய்தார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கணக்கோடு செய்தார். அந்தக் கணக்குதான் அவர் குடியைக் கெடுத்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிரேக்கர் என்று யாரும் கிடையாது. தீவுக்காரர்கள் இருந்தார்கள், வடக்கத்தியர் இருந்தார்கள். தீவுக்காரர்கள் முதலில் வந்து கடை போட்டவர்கள். வடக்கு மலைகளிலிருந்து வந்தவர்கள் உருக்காலை உலையில் வெந்தவர்கள். பெரிய தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு காபிக் கடைகள். ஒன்றில் கிரேக்க ராஜா படம் மாட்டியிருக்கும். இன்னொன்றில் ராஜா பெயரைச் சொன்னால் காறித் துப்புவார்கள். ஒரே நாட்டின் சுதந்திரத் திருநாளை, மார்ச் இருபத்தைந்தை, இரண்டு இடத்தில் கொண்டாடினார்கள். ஒரு வருஷம் இரண்டு ஊர்வலமும் ஒரே முக்கில் முட்டிக்கொண்டு, கொடிக்கம்பாலேயே அடித்துக்கொண்டன. வெள்ளைக்காரப் போலீஸ்காரர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் கொடிகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பந்தெலிஸ் தீவுக்காரர், மீன் வறுவல் கடை வைத்திருந்தவர். நாற்பத்தெட்டாம் வருஷம், உலையில் வேலை பார்த்த ஸ்தெர்யோஸ் என்ற வடக்கத்தியரின் மனைவி சுல்தானாவுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. டாக்டரிடம் பேச அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் வராது. பந்தெலிஸ் கூடப் போய் விடிய விடிய நின்றார். பிள்ளை பிழைத்தது. அந்த நன்றிக்கு ஸ்தெர்யோஸ் அவரையே ஞானத்தகப்பனாகக் கேட்டார். சிட்னியிலிருந்து வந்த சாமியார் இரவல் கோயிலில் ஒரு தகரத் தொட்டியில் பிள்ளையை முக்கி எடுத்தார். பந்தெலிஸ் எண்ணெய் தடவி, அர்கீரிஸ் என்று பெயர் சொல்லி, கையில் வாங்கினார்.

அதுவரை அவர் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஸ்தெர்யோஸ் மறுநாள் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் கும்பாரே" என்றார். பிள்ளையைப் பெற்றவரும் பெயர் வைத்தவரும் அப்படித்தான் அழைத்துக்கொள்ள வேண்டும். கும்பாரேக்கள் சண்டை போடக் கூடாது, போட்டால் பிள்ளைக்கு ஆகாது.

பந்தெலிஸுக்கு வழி தெரிந்துவிட்டது. பத்து வருஷம் கூட்டம் போட்டுக் கெஞ்சியும் சேராத ஊரைத் தகரத் தொட்டியில் வைத்தே சேர்த்துவிடலாம். வடக்கத்தியர் வீட்டில் தொட்டில் கட்டினால் போதும், வெள்ளிச் சிலுவையோடு போய் நின்றார்.

எங்களில் விவரமானவர்கள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், அல்லது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நிற்பார்கள். ஒரே கையால் எண்ணெய் வாங்கிய பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அந்தக் கைக்காரர் பெற்ற பிள்ளைக்கும் அதே முறைதான். பந்தெலிஸின் மகள் ஃபொத்தினி தவழ ஆரம்பித்தபோதே அவர் மனைவி எவாந்தியா சொல்லிப் பார்த்தாள்.

"போதும், நிறுத்திக்குங்க. ஏற்கெனவே இந்த ஊர்ப் பசங்க பாதிப் பேரு நம்ம பொண்ணுக்கு அண்ணன் ஆயிட்டானுங்க."

"ஆஸ்திரேலியா என்ன இந்தத் தெருவோட முடிஞ்சுபோச்சா? சிட்னில மாப்பிள்ளையே இல்லையா?"

"இருப்பான். உங்க மக கண்ணு சிட்னி வரைக்கும் போகணுமே."

ஃபொத்தினிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது எவாந்தியா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு எச்சரிக்க வீட்டில் ஆள் இல்லை. பந்தெலிஸ் இரண்டு பக்கத்து இளவட்டங்களையும் சேர்த்து நடனக் குழு ஒன்று ஆரம்பித்தார். ஒரே சங்கம், ஒரே மண்டபம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். கும்பாரே என்று கூப்பிட்ட வாய்களால் அவருக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. எழுபதில் சுவர் எழும்பியது. ஊரே அவரைத் தலைவரே என்று கூப்பிட்டது. மின்சார வேலை கற்றிருந்த அர்கீரிஸ் மண்டபம் முழுவதற்கும் கம்பி இழுத்து விளக்குப் போட்டுக் கொடுத்தான்.

அந்தச் செப்டம்பரில் ஒரு நாள் அர்கீரிஸும் ஃபொத்தினியும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். பந்தெலிஸ் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் நின்ற நிற்பிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"தங்கச்சி முறைடா அவ உனக்கு!"

"ரத்தத்துல நாங்க யாரோ எவரோ, ஞானப்பா."

"அப்போ நான் தடவின எண்ணெய் என்ன, கடையில மீன் பொரிக்கிற எண்ணெயா?"

"தடவினது நீங்க," என்றாள் ஃபொத்தினி. "தடவுங்கன்னு நாங்க கேட்டமாப்பா?"

சாமியாரைக் கேட்டார்கள். சாமியாருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, சிட்னியில் பேராயர் அலுவலகத்துக்கு எழுதினார். மாதம் ஒருமுறைதான் அவர் எங்கள் ஊருக்கு வருவார் என்பதால், பதிலைச் சங்கத் தலைவர் பேருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்.

விஷயம் காபிக் கடைக்குப் போனதும் ஸ்தெர்யோஸ் மேசையைத் தட்டினார். "அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ற மண்டபத்துல எங்க ஆள் ஒருத்தன் கால் வைக்க மாட்டான்." அது அப்படியே பந்தெலிஸ் காதுக்கு வந்தது. அவர் விரல்விட்டு வருஷங்களை எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ உழைப்பு.

ஜனவரியில் பதில் வந்தது. நாலே வரி. திருச்சபை விதியில் தடை ஏதும் இல்லை, இருப்பது வெறும் வழக்கம், இரு வீட்டாரும் ஒப்பினால் மணமுடிக்கலாம். பந்தெலிஸ் இரண்டு தடவை படித்தார். சங்க அறையில் மேசை இழுப்பறையின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அதை வைத்தார். எரித்துவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மார்ச் இருபத்தைந்தில் மண்டபம் திறக்கட்டும், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடட்டும், ஈஸ்டர் கழிந்ததும் காட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நல்லவர்கள் பாவம் செய்யும்போது எப்போதும் ஒரு தேதியும் குறித்துக்கொள்வார்கள்.

ஃபொத்தினி வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். "சிட்னிலேருந்து ஏதாவது வந்துச்சாப்பா?"

"வரலம்மா."

தவக்காலம் தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை கோயிலில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. அந்த நோன்பில் மீன் சாப்பிடச் சலுகை உள்ள இரண்டு நாட்களில் ஒன்று மார்ச் இருபத்தைந்து. திறப்பு விழாவுக்கு மீன் விருந்து என்று முடிவானது.

"மீன் என் பொறுப்பு ஞானப்பா," என்றான் அர்கீரிஸ். "கடை மீன் வாங்கிப் போடவா இவ்ளோ பெரிய மண்டபம் கட்டினீங்க? என் மீனைத் தின்னாவது உங்க மனசு இறங்குதான்னு பாப்போம்."

பந்தெலிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் அர்கீரிஸ் துறைமுகத்துக்குத் தெற்கே பாறைமேல் நின்று தூண்டில் போட்டான். அலை வந்து அவனை வாரிக்கொண்டு போனது. ஒரு கோணி நிறைய மீன் பாறை இடுக்கில் அப்படியே இருந்தது. மறுநாள் மத்தியானம் அவனைக் கண்டெடுத்தார்கள்.

சாயங்காலம் ஸ்தெர்யோஸ் கடைக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"கும்பாரே, கல்யாணம் ஆகாத பய. மாப்பிள்ளைக் கோலத்துலதான் பொதைக்கணும். முடி நீங்கதான் வைக்கணும், உங்க உரிமை அது."

எங்கள் வழக்கம் அதுதான். கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மணமுடி மாற்றி வைப்பதும் ஞானத்தகப்பன், மாப்பிள்ளை ஆகாமலே செத்தவன் தலையில் வைப்பதும் அவரே. பந்தெலிஸ் சிட்னிக்கு ரயிலேறினார். மணமுடியை ஒற்றையாக யாரும் விற்பதில்லை. வெள்ளை ரிப்பனால் கட்டிய ஜோடியைப் பெட்டியோடு வாங்கி வந்து, வீட்டு அடுப்படியில் நின்று கத்தரியால் ரிப்பனை நறுக்கினார். ஃபொத்தினி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் முடியை வைத்தபோது அது அர்கீரிஸின் ஒரு காதுப் பக்கம் சரிந்துவிட்டது. சுல்தானா எட்டி அதை நேராக்கினாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். திறப்பு விழா என்று தனியாக ஒன்று நடக்கவில்லை, அதுதான் முதல் பந்தி. வடக்கத்தியரும் தீவுக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீன் சூப் குடித்தார்கள். அர்கீரிஸ் போட்ட விளக்குகள் அத்தனையும் எரிந்தன. பெண்கள் பக்கத்தில் ஃபொத்தினியை ஸ்தெர்யோஸின் தம்பி மகள்களோடு கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். "தங்கச்சி முறைக்கு இங்கதான்மா," என்று ஒருத்தி சொன்னாள். ஃபொத்தினி உட்கார்ந்தாள்.

ஸ்தெர்யோஸ் பிராந்திக் கோப்பையோடு பந்தெலிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவனும் அவளும் பட்ட பாடு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா கும்பாரே? மேசையைத் தட்டினேன், ஆமா. நான் எதுக்குத்தான் தட்டல? சிட்னில சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்து நாளு கத்தியிருப்பேன், பதினோராம் நாளு வாத்தியக்காரனுக்குச் சொல்லி விட்டிருப்பேன். என்ன பண்றது, அந்தப் பாவிங்க பதிலே போடல."

பந்தெலிஸ் எழுந்தார். கால்கள் தாமாகவே சங்க அறைக்குப் போயின. இழுப்பறையின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தார்.

ஃபொத்தினி படித்தாள். பிறகு மேலே இருந்த தேதியை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஜனவரி பதினொண்ணு."

அவள் கத்தவில்லை. ஆனால் மண்டபம் முழுவதற்கும் கேட்டது. கடிதம் கைமாறிக் கைமாறி ஸ்தெர்யோஸிடம் போய்ச் சேர்ந்தது. அவர் படித்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு, பந்தெலிஸ் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்து போனார். இந்தப் பக்கம் தீவுக்காரர்களும் எழுந்தார்கள்.

"ஃபொத்தினி," என்றார் பந்தெலிஸ். "ஈஸ்டர் முடிஞ்சதும் சொல்லலாம்னுதாம்மா…"

"அந்தப் பெட்டி எங்க, தலைவரே?"

மகள் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு அவள் அப்பா என்று கூப்பிடவே இல்லை.

பெட்டியைக் கோயிலிலிருந்து அவர் கையோடு கொண்டு வந்திருந்தார். அதிலிருந்த இரண்டாவது முடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஃபொத்தினி நின்றாள். எங்கே உட்காருவது என்று அவளுக்கே தெரியவில்லை. சுல்தானா தன் நாற்காலியை நகர்த்தி, தன் பக்கத்தில், செத்தவனின் மனைவி உட்கார வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எந்தப் பக்கத்துப் பெண்ணும் முறை பேசவில்லை.

சங்கம் உடையவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் முதல்முறையாக எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. பந்தெலிஸ் இன்னும் பதினான்கு வருஷம் மீன் வறுத்தார். ஃபொத்தினி அடிலெய்டுக்குப் போனாள், அங்கிருந்து ஈஸ்டர்தோறும் ஒரு வாழ்த்து அட்டை வரும், தலைவர் அவர்களுக்கு என்று முகவரி போட்டு. அவர் காலத்திலேயே ஞானப் பிள்ளைகளில் இருபத்தொன்பது பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று ஜோடி அதே கடிதத்தைக் காட்டித் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டன. அத்தனை கல்யாணத்திலும் முடி மாற்றுகிற உரிமை அவருடையதுதான். யாரும் கூப்பிடவில்லை. அர்கீரிஸ்தான் மூத்தவன், அவனுக்கு முன்னால் யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆக, பந்தெலிஸ் தன் கையால் முடி வைத்தது அந்த ஒரு தலைக்குத்தான்.